இருதயத்தின் பாதையைக் காட்டும் படம்

நமது இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. உடலின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் ரத்தத்தை அனுப்பி வைக்கும் இவ்வுறுப்பு, தன் தசைக்கு வேண்டிய ஆகாரத்தைத் தன் அறைகளில் நிறைந்துள்ள ரத்தத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்வதில்லை. கஜானாவின் சாவியை வைத்திருக்கும் குமாஸ்தாவும் முதல் தேதிச் சம்பளத்தையே எதிர்பார்த்திருப்பது போல, இருதயமும் தனக்கென அளந்து விடப்பட்ட ரத்தத்தையே நம்பியிருக்கிறது. மகாதமனியின் அடியிலிருந்து பிரியும் இரண்டு சிறு குழாய்கள் அந்த ரத்தத்தைக் கொண்டு வருகின்றன. இடப்புறக் குழாய் சிறிது தூரத்திலேயே இரண்டாகக் கிளைப்பதால், முக்கியமான வழிகள் மூன்று என்று வைத்தியர்கள் கணக்கிடுவர். இவற்றின் உட்புற அகலம் பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டருக்கு மேல் இராது. ஒரு குடும்பத்தின் நல்வாழ்வு முழுவதும் இத்துணைச் சிறிய வழிகளை நம்பி நிற்கிறது.

இக்குழாய்களின் சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்பு படிகிறது. புகையிலை, ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை அதற்குத் துணை புரிகின்றன. ஒரு நாள் அப்படிவின் மேல் மூடியிருக்கும் மெல்லிய தோல் கிழிந்துவிடுகிறது. கிழிந்த இடத்தைக் காயமென்று கருதி ரத்தம் அங்கே உறைகிறது. விரல் நறுக்கிக்கொண்டபோது நம்மைக் காப்பாற்றும் அதே குணம், இங்கே வழியை அடைத்து நம்மைக் கொல்லத் துணிகிறது. இதுவே மாரடைப்பு. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை ஒரே கணத்தில் இறந்துவிடுவதில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் சிறிது சிறிதாக மடிகிறது. ஆதலின் வழியை எவ்வளவு விரைவில் திறக்கிறோமோ, அவ்வளவு தசை பிழைக்கும்.

ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி தடம் புரண்டால், கண்ட்ரோல் அறையில் இருப்பவர் முதலில் கேட்பது, எந்த இரு ஸ்டேஷன்களுக்கு இடையே என்பதுதான். இடம் தெரியாமல் நிவாரண வண்டியை அனுப்புவது எங்ஙனம்? இருதய வைத்தியர்களுக்கும் அந்த இடத்தை அறிவதே நெடுங்காலம் எட்டாக் கனியாக இருந்தது. அதை எட்டச் செய்தது ஆஞ்சியோகிராம் என்று நாம் வழங்கும் ரத்தக் குழாய்ப் படம். அது பிறந்த வரலாறும், இன்று அது வைத்தியரின் கையை வழிநடத்தும் முறையும் நம் இல்லங்கள் ஒவ்வொன்றும் அறிந்திருக்க வேண்டியவை.

தன் உடலையே பணயம் வைத்தவர்

1929-ஆம் ஆண்டில், ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரின் ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் பணி பயின்றுகொண்டிருந்தார். கையிலுள்ள சிரை வழியாக ஒரு மெல்லிய ரப்பர் குழலை இருதயம் வரை செலுத்த முடியும் என்பது அவர் துணிபு. மேலதிகாரி அனுமதி தரவில்லை. கருவிகளின் சாவியை வைத்திருந்த நர்ஸ், தம் உடம்பிலேயே அச்சோதனையைச் செய்துகொள்ளும்படி முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேஜையில் கட்டி வைத்துவிட்டு, அவர் அறியாமல் தம் கையையே கீறிக் குழலை 65 சென்டிமீட்டர் வரை உள்ளே செலுத்திக்கொண்டார். அக்கோலத்துடனேயே படிகளில் இறங்கி எக்ஸ்-ரே அறைக்குச் சென்று, குழலின் நுனி இருதயத்துள் நிற்பதைப் படமெடுத்தும் காட்டினார். கிடைத்த பரிசு கண்டனமே. அவர் இருதயத் துறையை விட்டுச் சிறுநீர்த் துறை வைத்தியரானார். எனினும் அவ்விதையை வளர்த்த கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவரோடு அவருக்கும் சேர்த்து 1956-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இருதயத்தின் அறைகளுக்குள் செல்ல வழி கிடைத்தது. ஆயினும் இருதயத்தைப் போஷிக்கும் சிறு குழாய்களுக்குள் சாயத்தைச் செலுத்தினால் மரணமே சம்பவிக்கும் என்று எல்லோரும் அஞ்சினர். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் டாக்டர் மேசன் சோன்ஸ் ஓர் இளைஞரின் மகாதமனியைப் படமெடுக்க முனைந்தபோது, குழலின் நுனி தற்செயலாக வலப்புற இருதயக் குழாயினுள் நழுவியது. சாயம் முழுவதும் அதனுள் பாய்ந்தது. இருதயம் சில விநாடிகள் நின்றது. சோன்ஸ் பதறி, இருமும்படி அந்நோயாளியிடம் கூறினார். அவர் இருமினார், இருதயம் மீண்டும் துடித்தது. யாவரும் அஞ்சிய காரியம் நிகழ்ந்தும் நோயாளி பிழைத்தார். இதைச் சிறிய அளவில், கவனத்துடன் செய்தால் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே காணலாம் என்பதை சோன்ஸ் அன்றே உணர்ந்தார். இன்று உலகெங்கும் எடுக்கப்படும் படங்களுக்கு அந்த விபத்தே மூலம்.

நம் நாட்டிலும் இத்துறைக்கு வித்திட்டவர்களில் தமிழருடன் தொடர்புடையோர் உளர். பர்மாவில் பிறந்து, யுத்த காலத்தில் ஜப்பானியர் படையெடுப்பால் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த குடும்பத்தவரான டாக்டர் எஸ். பத்மாவதி, 1950-களில் டில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் இருதயத்துள் குழல் செலுத்தி ஆராயும் கூடத்தை நிறுவினார். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவ்வம்மையாரின் வாழ்க்கை ஊக்கம் தருவது. 2020-இல் தம் 103-ஆம் வயதில் அவர் காலமானார். ரயில்வே ஊழியரான எனக்குப் பெருமிதம் தரும் செய்தி ஒன்றும் உண்டு: 1975-இல் சென்னைப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன், இந்தியாவின் முதல் இருதயக் குழாய் மாற்றுவழிச் சிகிச்சையைச் செய்தார். பைபாஸ் என்று நாம் வழங்கும் அச்சிகிச்சைக்கு, அடைப்பு எங்கே என்று முன்னரே காட்டும் படம் இன்றியமையாதது.

ஒரு விவாதத்தை முடித்து வைத்த படம்

மாரடைப்பில் மாண்டவர்களின் இருதயத்தை அறுத்துப் பார்க்கையில், சிலரிடம் உறைந்த ரத்தக் கட்டி காணப்பட்டது, சிலரிடம் காணப்படவில்லை. ஆதலின் கட்டியால் மாரடைப்பு வருகிறதா, மாரடைப்பு வந்த பின் கட்டி உண்டாகிறதா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் டாக்டர் டிவுட்டும் அவருடைய சகாக்களும், மாரடைப்புடன் வந்த 322 பேருக்கு அந்நிலையிலேயே படமெடுத்து, 1980-இல் முடிவை வெளியிட்டனர். வலி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் வந்தோரில் நூற்றுக்கு 87 பேருக்குக் குழாய் முழுவதும் அடைபட்டிருந்தது. 12 மணிக்கு மேல் 24 மணிக்குள் வந்தோரில் அது 65 ஆகக் குறைந்திருந்தது. கட்டி முதலில் வருகிறது, பிறகு சிலரிடம் தானே ஓரளவு கரைகிறது என்பது தெளிவாயிற்று. அப்படியானால் அதை நாமே விரைவில் நீக்கலாமே என்ற துணிவும் பிறந்தது.

நீக்குதற்கு இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று, கட்டியைக் கரைக்கும் மருந்து. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 என்னும் பெரும் ஆராய்ச்சியில் 17,187 நோயாளிகள் பங்கு பெற்றனர். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் கரைக்கும் மருந்து, மலிவான ஆஸ்பிரின் மாத்திரை இரண்டுமே தனித்தனியே மரணத்தை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தன. சேர்த்துக் கொடுத்தபோது அதனினும் மிகுதியாகக் குறைத்தன. மற்றொன்று, 1977 செப்டம்பர் 16-ஆம் தேதி ஜூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் முதன்முதலில் செய்து காட்டிய பலூன் முறை. குறுகிய இடத்துக்கு ஒரு சிறு பலூனைக் கொண்டு சென்று ஊதி, வழியை அகலப்படுத்துவது அது. 1986 முதல், அகன்ற வழி மறுபடி சுருங்காதபடி தாங்கி நிற்கும் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக் குழாயும் வழக்கத்துக்கு வந்தது.

இன்று நடப்பது யாது?

நெஞ்சு வலியோடு ஒருவர் ஆஸ்பத்திரியை அடைந்ததும் 10 நிமிஷங்களுக்குள் இ.ஸி.ஜி. எடுக்க வேண்டும் என்பது விதி. மாரடைப்பு என்று அது காட்டுமாயின், குழல் செலுத்தும் கூடம் உள்ள இடத்தில் உடனே படமெடுக்க அழைத்துச் செல்கின்றனர். இது மார்பைத் திறக்கும் ஆபரேஷன் என்று நம்மவர் பலர் எண்ணி அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தேவையற்றது. மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ உள்ள தமனியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய குழலைச் செலுத்துகின்றனர். நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டே இருக்கலாம். சாயம் பாயும்போது, எக்ஸ்-ரே திரையில் குழாய்கள் மரக்கிளைகளைப் போல் தோன்றுகின்றன. ஒரு கிளை நடுவே சட்டென்று அறுந்து நின்றால், அடைப்பு அங்கேதான். அதே குழல் வழியாக மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, அதன்மேல் பலூனையும் ஸ்டென்டையும் கொண்டு சென்று வழியைத் திறக்கின்றனர். ஆஸ்பத்திரியை அடைந்ததிலிருந்து 90 நிமிஷங்களுக்குள் இது முடிய வேண்டும் என்பது நோக்கம்.

அத்தகைய கூடத்துக்கு 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேர இயலாதென்றால், அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலேயே கட்டியைக் கரைக்கும் மருந்தை உடனே போட்டு, பின்னர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, 24 மணி நேரத்துக்குள் படமெடுப்பது முறை. இம்முறை நடைமுறையில் பலிக்கும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. அங்கே 2012 முதல் 2014 வரை, சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து ஒரு திட்டம் சோதிக்கப்பட்டது. அதற்கு முன் மாரடைப்பு நோயாளிகளில் நூற்றுக்கு 35 பேருக்கே படமெடுக்கப்பட்டது. திட்டத்தின் பின் அது சுமார் 61 ஆயிற்று. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதமும் நூற்றுக்கு 17.6-இலிருந்து 14.2 ஆகக் குறைந்ததென 2017-இல் வெளியான அறிக்கை கூறுகிறது.

குழாய்க்குள்ளே விளக்கு

சாயப் படம் குழாயின் நிழலையே காட்டும்; சுவரின் உட்புறத்தைக் காட்டாது. பைப்பில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அறிவது வேறு, பைப்பின் உள்ளே துரு பிடித்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று அறிவது வேறு அல்லவா? இக்குறையைப் போக்க இரு கருவிகள் வந்துள்ளன. ஒன்று ஒலியலையையும், மற்றொன்று கண்ணுக்குப் புலனாகாத ஒளியையும் கொண்டு, குழாயின் உள்ளிருந்தே சுவரைப் படமெடுக்கின்றன. ஒளியால் எடுக்கும் படம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அளவான நுட்பங்களையும் பிரித்துக் காட்டவல்லது.

இதனால் என்ன பயன்? ஸ்டென்டை எவ்வளவு அகலத்தில் வைப்பது, அது சுவரோடு நன்கு பொருந்திற்றா என்பவற்றை அறியலாம். சிக்கலான அடைப்புகளில் இக்கருவிகளின் துணையுடன் ஸ்டென்ட் வைப்பதை 2025-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி நெறிகள் வலியுறுத்துகின்றன. அன்றியும், மாரடைப்பு எல்லாம் ஒரே காரணத்தால் வருவதில்லை என்பதையும் இவை காட்டின. சிலருக்குக் கொழுப்பின் மேல்தோல் கிழிவதில்லை. மேற்பரப்பு மட்டும் தேய்ந்து, அங்கே ரத்தம் உறைகிறது. இத்தகையோரிற் சிலரை ஸ்டென்ட் இன்றி மருந்தாலேயே காக்கலாமா என்று சீனாவில் 60 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. 2017-இல் வெளியான அதன் முடிவு நம்பிக்கை தந்ததாயினும், அது எல்லோர்க்கும் பொருந்தும் விதியாகிவிடவில்லை. வேறு சிலருக்கு, முக்கியமாக நடுவயதுக்குட்பட்ட பெண்களுக்கு, சிலவேளை பிரசவத்தை அடுத்தும், குழாய்ச் சுவர் தானே பிளவுபடுவதுண்டு. பெரும்பாலும் அது தானாகவே ஆறும். அவசரப்பட்டுக் கம்பியையும் பலூனையும் செலுத்தினால் பிளவு நீளலாம். கொழுப்பே இல்லாத இளம் பெண்ணுக்கு மாரடைப்பு எங்கே வரப்போகிறது என்று நம் வீடுகளில் அலட்சியம் செய்வோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு குழாய் அடைபட்டவருக்கு மற்றக் குழாய்களிலும் குறுக்கம் காணப்படுவதுண்டு. அவற்றையும் பின்னர் சரி செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு, 4,041 பேரைக் கொண்டு நிகழ்ந்த ஆராய்ச்சி 2019-இல் விடை அளித்தது. முக்கியமான குறுக்கங்களையும் நீக்கியோரில், மூன்று ஆண்டுகளில் இருதய மரணமோ மறு மாரடைப்போ நேர்ந்தது நூற்றுக்கு 7.8 பேருக்கு, நீக்காதோரில் 10.5 பேருக்கு.

படத்தைக் கண்டு மயங்கலாகாது

அதே வேளையில், படத்தில் குறுக்கம் தெரிந்தவர் எல்லோருக்கும் ஸ்டென்ட் வேண்டும் என்று எண்ணுவதும் தவறு. மாரடைப்பு என்பது எரிகின்ற வீடு. மாடி ஏறுகையில் மட்டும் வந்து, ஓய்வெடுத்தால் நீங்கும் பழைய வலி வேறு. பின்னதை உடையவர்களில் 5,179 பேரைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆராய்ச்சி, உடனே படமெடுத்து வழியைத் திறந்ததனால் மரணமோ மாரடைப்போ ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை என்று காட்டியது. வலி மட்டும் தணிந்தது. ஆகவே இவ்வகையினர் வைத்தியரிடம் நிதானமாகக் கேட்கலாம். மற்றொரு வைத்தியரின் கருத்தையும் நாடலாம். மாரடைப்பு நேர்ந்துகொண்டிருக்கும்போதோ அந்த நிதானமே ஆபத்து. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே குடும்பத் தலைவர்களின் கடமை.

நம் இல்லங்களில் நேர்வது

இந்திய நாட்டில் 20,468 நோயாளிகளைப் பற்றி 2008-இல் வெளியான அறிக்கையில், வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரியை அடையும் வரை கழிந்த நேரம் நடுநிலையில் 6 மணி என்று காண்கிறோம். எத்துணை நுட்பமான படமும் இழந்த ஆறு மணி நேரத்தைத் திருப்பித் தர வல்லதன்று.

அந்த ஆறு மணி நேரம் எங்கே போகிறது என்பதை நம் குடியிருப்புகளில் வாழ்வோர் அறிவர். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பெரியவருக்கு நள்ளிரவில் மார்பு இறுகி, வேர்த்துக் கொட்டியது. வாயுப் பிடிப்பு என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து, தைலம் தடவி விடியும் வரை காத்திருந்தனர். காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே படமெடுக்க வேண்டும் என்றார். மகனோ, திருச்சியிலிருந்து பெரியப்பா வந்து சேரட்டும், அவரைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று தயங்கினார். வண்டியோ ஒன்றரை நாள் ஓட வேண்டியது. பிற்பகலில் அண்டை வீட்டார் வற்புறுத்திய பின்னரே கையெழுத்தானது. பெரியவர் பிழைத்தார்; ஆனால் முதல் மாடி ஏறினாலே இன்று மூச்சு வாங்குகிறது. மகன் மீது குற்றம் சொல்வதற்கில்லை. மூத்தோரைக் கேட்டுச் செய்வது நம் குடிப்பண்பு. அப்பண்பைக் கைவிட வேண்டியதில்லை. கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு வேண்டிய ஏற்பாடுகள் சில. முதலாவது, இருதயக் கூடம் இரவும் பகலும் இயங்கும் ஆஸ்பத்திரி நம் ஊரில் எது, அங்கே நம் உத்தியோக அட்டையோ காப்பீடோ செல்லுமா என்பதை இன்றே விசாரித்து எழுதி வைத்தல். இரண்டாவது, வீட்டிலுள்ள முதியோர் உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், சிறுநீரகக் கோளாறு உண்டா என்ற விவரம் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் அவ்வூர் மொழியிலும் ஒரு தாளில் எழுதி, சுவரில் தொங்கவிடுதல். சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடுமாதலால் இவ்விவரம் டாக்டருக்கு மிகவும் வேண்டியது. மூன்றாவது, ஊரிலிருந்து வந்து தங்கும் தாய் தந்தையருக்கு ஒரு சொற்றொடரேனும் கற்பித்தல். நெஞ்சு வலிக்கிறது என்பதை ஹிந்தியில் ‘சீனே மே தர்த்’ என்றும், வங்காளியில் ‘புகே பேத்தா’ என்றும் சொல்லலாம். பகலில் நாம் ஆபீஸில் இருக்கையில், அண்டை வீட்டாரை எழுப்ப அது உதவும்.

நான்காவது, மார்பின் நடுவே அழுத்தமும், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும், வேர்வையும், மூச்சுத் திணறலும் சில நிமிஷங்களுக்கு மேல் நீடித்தால், 112 அல்லது 108-ஐ அழைத்தல். நீரிழிவு உள்ளோர்க்கும் பெண்களுக்கும் வலி குறைவாகவும், களைப்பும் குமட்டலும் மிகுதியாகவும் இருக்கலாம். நோயாளியைத் தானே வாகனம் ஓட்டவோ, படிகளில் இறங்கி நடக்கவோ விடலாகாது. ஆஸ்பிரின் கொடுப்பதா என்பதை அழைப்பில் பேசும் வைத்திய உதவியாளரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாவது, செலவைப் பற்றிய அச்சம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு, மருந்து பூசிய ஸ்டென்டின் உச்ச விலையை 29,600 ரூபாய் என வரையறுத்தது. பின்னர் அது அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. லட்சத்துக்கு மேல் விற்ற காலம் போயிற்று. ஆஸ்பத்திரிச் செலவு தனியே உண்டெனினும், ஸ்டென்டின் விலையைக் கேட்டு ரசீது பெறும் உரிமை நமக்குண்டு.

இறுதியாக, குடும்பத்தில் யார் கையெழுத்திடுவது என்பதை நல்ல நாளிலேயே முடிவு செய்து, ஊரிலுள்ள பெரியவர்களிடமும் சொல்லிச் சம்மதம் பெற்று வைத்தல் வேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊர் சென்று எல்லோரும் ஒன்றாக அமர்ந்திருக்கும் வேளையில், கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். டாக்டர் தாளை நீட்டும்போது, ஆயிரம் மைல் தொலைவிலிருந்து வரும் வண்டிக்காக இருதயம் காத்திராது.